குடை விற்கும் பூங்கா: ஓர் அடுத்த பாகத்தின் எதிர்பார்ப்புகள்

கணினி விளையாட்டுகளில் தீம் பார்க் சிமுலேஷன் எனப்படும் வகைக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. வெற்று நிலத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவை எழுப்பி, ராட்டினங்களையும் ரோலர் கோஸ்டர்களையும் கடைகளையும் அமைத்து, நுழைவுக் கட்டணம் முதல் துப்புரவுப் பணியாளரின் சம்பளம் வரை எல்லாவற்றையும் ஆடுபவரே தீர்மானிக்க, அந்தத் தீர்மானங்களின் விளைவைக் கணினி பாவனையாகக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதே இவ்வகையின் அடிப்படை. இங்கே வீழ்த்தவேண்டிய எதிரியும் இல்லை, முடிவை நோக்கி நகரும் கதையும் இல்லை. ஆகவே இத்தகைய விளையாட்டின் ரசிகர்கள் அடுத்த பாகம் கேட்கும்போது, தாங்கள் கட்ட விரும்பியும் கட்ட முடியாமல் போனவற்றை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான பிளானட் கோஸ்டருக்கும் 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான அதன் இரண்டாம் பாகத்துக்கும் இடையிலான எட்டாண்டுக் காத்திருப்பு, அந்த எதிர்பார்ப்பு எவற்றால் ஆனது என்பதை நன்கு காட்டுகிறது.

இவ்வகைக்குப் பரவலான அறிமுகம் தந்தது 1994இல் இங்கிலாந்தின் புல்ஃபிராக் நிறுவனம் வெளியிட்ட தீம் பார்க் என்னும் விளையாட்டு. பீட்டர் மாலினியூவின் தலைமையில் உருவான அதன் வடிவமைப்பிலும் நிரல் எழுதுவதிலும் பெரும்பங்கு ஆற்றியவர் அப்போது பதின்ம வயதைத் தாண்டியிராத டெமிஸ் ஹசாபிஸ். பிற்காலத்தில் டீப்மைண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2024இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. அந்த விளையாட்டில் உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கூட்டினால் வருகையாளருக்குத் தாகம் எடுக்கும், பக்கத்துக் கடையில் குளிர்பானம் கூடுதலாக விற்கும். ஓர் எளிய கணக்குதான் என்றாலும், பூங்காவுக்குள் நடமாடும் சிறு உருவங்களுக்குப் பசியும் தாகமும் உண்டு, அவற்றை உணர்ந்து நடப்பவரே நல்ல நிர்வாகி என்னும் எண்ணத்தை அது ஆடுபவரிடம் விதைத்தது.

அந்த எண்ணத்தை முழுமைக்குக் கொண்டுசென்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர். 1999இல் வெளியான அவருடைய ரோலர்கோஸ்டர் டைக்கூன் ஏறத்தாழ முழுவதும் அசெம்பிளி மொழியில், அதாவது கணினியின் செயலிக்கு நேரடியாகப் புரியும் கட்டளைகளுக்கு மிக நெருங்கிய நிரல்மொழியில் எழுதப்பட்டது. பெரும்பாலான நிரலாளர்கள் அதற்குள் கைவிட்டிருந்த அந்தக் கடினமான வழியைத் தேர்ந்ததன் பயன் திரையில் கண்கூடாகத் தெரிந்தது: அக்காலத்தின் சாதாரண வீட்டுக் கணினியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருகையாளர்கள் ஒரே நேரத்தில் பூங்காவில் உலவ முடிந்தது. அவர்களில் எவரைச் சுட்டியால் தொட்டாலும் ஒரு சிறு பெட்டி திறக்கும். அவருடைய பெயர், கையிருப்புப் பணம், பசி, களைப்பு, எவ்வளவு வேகமான சவாரியை அவர் தாங்குவார், எவ்வளவு எளிதில் அவருக்குக் குமட்டும் என்பன எல்லாம் அதில் இருக்கும். பாதை அசுத்தமாக இருக்கிறது, வெளியேறும் வழி தெரியவில்லை, இந்தச் சவாரிக்கு இவ்வளவு கட்டணம் தரமுடியாது என்று அவர் மனத்தில் ஓடுவதும் வரிவரியாகத் தெரியும். மழை தொடங்கியதும் தகவல் நிலையத்தில் குடையின் விலையை ஏற்றிவைத்தாலும் நனைகிறவர்கள் வாங்கிவிடுவார்கள் என்பதை அந்நாளைய ஆட்டக்காரர்கள் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த விளையாட்டின் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோஸ்டர் அன்று, இந்தக் குடைதான். அடுத்த பாகங்களைப் பற்றிய பேச்சு எதையும் புரிந்துகொள்ள இந்த உண்மை உதவும்.

2002இல் வந்த இரண்டாம் பாகம் முதலாவதன் நீட்சியாகவே அமைந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2004இல் வெளியான மூன்றாம் பாகம் பூங்காவை முப்பரிமாணத்துக்கு மாற்றி, கட்டிய கோஸ்டரின் முன்னிருக்கையில் அமர்ந்தே பயணிக்கும் வசதியைத் தந்தது. அதன் கூடுதல் தொகுப்பாக 2005இல் வந்த சோக்டு, நீச்சல் குளங்களையும் நீர்ச்சறுக்குகளையும் சேர்த்தது. அதன்பின் வெளியீட்டாளரான அட்டாரி நிறுவனம் பல கைகள் மாற்றி உருவாக்கிய ரோலர்கோஸ்டர் டைக்கூன் வேர்ல்டு 2016 நவம்பர் 16 அன்று வெளியாகி ரசிகர்களைப் பெரிதும் ஏமாற்றியது. மறுநாளே ஃபிரான்டியர் தன் சொந்தப் பெயரில் பிளானட் கோஸ்டரை வெளியிட்டது. பெயர் ஒருவரிடமும் மரபு இன்னொருவரிடமும் தங்கிவிட்ட நிலையில், ரசிகர்கள் தயக்கமின்றி மரபின் பக்கம் சென்றார்கள்.

பிளானட் கோஸ்டரின் பெருமை அதன் கட்டுமானக் கருவிகளில் இருந்தது. சுவர், கூரை, தூண், பாறை, விளக்கு எனச் சிறு துண்டுகளை விரும்பிய கோணத்தில் பொருத்தி ஒரு கோட்டையையோ கப்பலையோ உருவாக்கவும், அதை ஸ்டீம் தளத்தின் வழியாக உலகெங்கும் உள்ள மற்ற ஆட்டக்காரர்களுக்கு இலவசமாகத் தரவும் அது வழிசெய்தது. கோஸ்டர்களின் இயற்பியலும் கவனத்துடன் அமைந்தது. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 112 கிலோமீட்டர் வேகம் பெறும். அந்த வேகத்தோடு சாய்வில்லாத ஒரு வளைவில் நுழைந்தால் பயணியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை தாங்கக்கூடிய வரம்பை மீறும், சவாரியின் அச்ச அளவும் குமட்டல் அளவும் ஏறும், வருகையாளர்கள் வரிசையில் நிற்க மறுப்பார்கள். வளைவைச் சாய்த்தும் இறக்கத்தைக் குறைத்தும் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் அந்த உழைப்பில் கிடைக்கும் நிறைவு சாதாரணமானதன்று.

ஆயினும் அவ்விளையாட்டு தன் ரசிகர்களை இரு சாராராகப் பிரித்தது. ஒரு சாரார் கட்டுபவர்கள். பணக் கட்டுப்பாடு ஏதுமில்லாத ஆட்டமுறையில் மாதக்கணக்காக ஒரே பூங்காவைச் செதுக்குபவர்கள். மற்றவர்கள் நிர்வகிப்பவர்கள்; கடனும் இலக்கும் கெடுவும் இருந்தால்தான் ஆட்டம் என்று கருதுபவர்கள். பழைய டைக்கூனின் முதல் பூங்காவில், முதலாம் ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் 250 வருகையாளர்களைச் சேர்த்து, பூங்காவின் மதிப்பீட்டையும் 600க்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்ற இலக்கோடு தொடங்கியவர்கள் இவர்கள். பிளானட் கோஸ்டரில் பணம் ஒருமுறை வரத்தொடங்கிவிட்டால் பின்னர் இடரே இல்லை என்பது இவர்களின் நெடுநாள் குறை.

இரு சாராரும் சேர்ந்து கேட்டவையும் உண்டு. முதன்மையானது நீர்ப்பூங்கா. 2005இலேயே இருந்த ஒன்று, பத்து மடங்குக்கும் மேல் திறன் கூடிய கணினிகளின் காலத்தில் இல்லாமல் போனது அவர்களுக்குப் பொருந்தாததாகப் பட்டது. அடுத்தது பாதை அமைக்கும் கருவி. பழைய விளையாட்டுகளில் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதையும் கட்டம் கட்டமாகச் சென்றது. கட்டங்களைக் கைவிட்டு வளைந்து செல்லும் பாதைகளை அனுமதித்த பிளானட் கோஸ்டரில், அகன்றதொரு சதுக்கத்தை இடுக்கும் பிசிறும் இல்லாமல் அமைப்பது பெரும்பாடாக இருந்தது. மூன்றாவது, வேகக் குறைவு. ஒவ்வொரு வருகையாளரின் தேவையையும் நகர்வையும் செயலி தொடர்ந்து கணக்கிட வேண்டியிருப்பதால், பூங்கா வளர வளரப் படம் திணறும். மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய பூங்கா அதன் நிறைவை எட்டும் வேளையில்தான் ஆடமுடியாததாகிவிடும். இவற்றுள் மிக வருத்தத்துக்குரியது இதுவே, ஏனெனில் அதிக அக்கறையோடு ஆடியவரையே அது அதிகமாகத் தண்டித்தது.

2024 நவம்பர் 6 அன்று வெளியான இரண்டாம் பாகம் இந்த விருப்பங்களில் பலவற்றைச் செவிமடுத்தது. விரும்பிய வடிவில் குளங்களை வரையலாம், நீர்ச்சறுக்குகளை வளைத்து நெளித்து அமைக்கலாம். உடை மாற்றும் அறைகள், உயிர்காப்பாளர்கள், நீரைச் சுத்திகரிக்கும் கருவிகள் எல்லாம் தேவைப்பட்டன. சவாரிகளுக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் புதிதாக வந்தது. அலங்காரத் துண்டுகளின் அளவைக் கூட்டிக் குறைக்கவும், ஓடும் வண்டியின்மேலேயே அவற்றைப் பொருத்தவும் முடிந்தது கட்டுபவர்களுக்குப் பெரும் பரிசு. சதுக்கங்களுக்கெனத் தனிக் கருவியும் கிடைத்தது.

அப்படியிருந்தும் வெளியான முதல் வாரங்களில் ரசிகர்களின் மதிப்பீடுகள் கலவையாகவே இருந்தன. கணினிக்கும் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டதால், சுட்டியால் ஒரு தொடுதலில் முடியவேண்டிய செயல்கள் பல அடுக்குப் பட்டியல்களுக்குள் புதைந்து கிடந்தன என்பது ஒரு குற்றச்சாட்டு. நிர்வாகப் பகுதி இன்னும் மெலிந்தே இருக்கிறது என்பது இன்னொன்று. மற்றொரு குறைக்கு நிறுவனத்தை மட்டும் பொறுப்பாக்க இயலாது. முதல் பாகம் வெளியான பின் பேய்வீடு, சாகசம், திரைப்பட அரங்கம், உலகக் கண்காட்சி எனப் பல கருப்பொருள்களில் கூடுதல் தொகுப்புகள் தனித்தனியாக விற்கப்பட்டு, அவை அனைத்தும் சேர்ந்ததே ரசிகரின் மனத்தில் பிளானட் கோஸ்டர் என்று பதிந்துவிட்டது. புதிய பாகமோ ஐந்து கருப்பொருள்களோடு மீண்டும் அடியிலிருந்து தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த அலங்காரங்களை இழந்ததுபோன்ற உணர்வு பலருக்கும் எழுந்தது. கூடுதல் தொகுப்புகளால் வாழும் எந்தத் தொடருக்கும் இந்தச் சிக்கல் வரும். கட்டுமானமே உயிரான இவ்வகையில் அது இரட்டிப்பாகத் தைக்கிறது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். கேட்கப்பட்டவற்றுள் குளங்களும் சதுக்கங்களும் பொருள்கள். அவற்றை உருவாக்கிச் சேர்த்துவிடலாம். நிர்வாகம் மெலிந்திருக்கிறது என்ற குறையோ மின்கம்பிகளையும் நீர்க்குழாய்களையும் சேர்ப்பதால் தீராது. பழைய டைக்கூனில் ஆடுபவரைக் கட்டிப்போட்டது, தன் முடிவு ஒன்று குறிப்பிட்ட ஒரு மனிதரிடம் போய்ச் சேர்வதைக் கண்ணால் காண முடிந்ததே. வயிறு புரட்டியவர் அருகிலிருக்கும் இருக்கையைத் தேடுகிறார், இருக்கை இல்லையென்றால் பாதையிலேயே வாந்தி எடுக்கிறார், அதைப் பார்ப்பவரின் மகிழ்ச்சி குறைகிறது, பூங்காவின் மதிப்பீடு சரிகிறது. ஆயிரக்கணக்கானோரைக் கூட்டமாக நகர்த்துவதில் இன்றைய விளையாட்டுகள் வியக்கத்தக்க திறன் பெற்றுவிட்டன. அக்கூட்டத்துக்குள் ஒருவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்பதை ஆடுபவர் பொருட்படுத்தும்படி செய்வதில் 1999ஆம் ஆண்டின் விளையாட்டே இன்னும் முன்னால் நிற்கிறது.

சிறிய குழு ஒன்று பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கி 2018இல் வெளியிட்ட பார்க்கிடெக்ட் இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. அதில் கடைகளுக்கு வேண்டிய சரக்கைப் பணியாளர்கள் பெட்டிகளில் சுமந்து செல்லவேண்டும். அந்தப் பெட்டிகளும் பூங்காவின் பின்கட்டு வேலைகளும் வருகையாளரின் கண்ணில் பட்டால் அவருடைய மனமயக்கம் கலைந்து மகிழ்ச்சி குறையும். எனவே பணியாளருக்கெனத் தனிப்பாதை போட்டு, அதை மரங்களாலும் சுவர்களாலும் மறைக்கவேண்டியிருக்கிறது. அலங்காரம் நிர்வாகத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது, கட்டுபவரும் நிர்வகிப்பவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

வேறு சிலர் அடுத்த பாகத்துக்காக எவரையும் எதிர்பார்க்கவில்லை. சாயரின் இரண்டாம் பாகத்தை அசெம்பிளி நிலையிலிருந்து வரிவரியாகப் பகுத்தறிந்து, இன்றைய நிரல்மொழியில் திரும்ப எழுதும் பணியை 2014இல் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். ஓப்பன்ஆர்சிடி2 என்னும் பெயரில் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த நிரலாக அது வளர்ந்துவருகிறது. படங்களுக்கும் ஒலிகளுக்கும் மூல விளையாட்டின் ஒரு பிரதி இன்னமும் தேவை. ஆனால் பழைய வரம்புகள் தளர்ந்திருக்கின்றன, திரை பெரிதாகியிருக்கிறது, பலர் இணையத்தின் வழியே ஒரே பூங்காவை ஒரே நேரத்தில் கட்டலாம். அங்கும் மழை பெய்தால் வருகையாளர்கள் தகவல் நிலையத்தில் குடை வாங்குகிறார்கள். அந்தக் கணக்கைத் தன்னார்வலர்கள் மாற்றாமலே விட்டுவைத்திருக்கிறார்கள்.