ஷிங்கிள்ஸ் கூரைக்கு அடியில என்ன பிளைவுட்? இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் பார்ப்பார்

மாடி மேல சரிவுக் கூரையோட ஒரு ரூம் எடுக்கப்போற குமராட்சி கிளையன்ட் ஒருத்தர் கொட்டேஷனை அனுப்பியிருந்தார். இரும்பு ஃபிரேம், அதுமேல பிளைவுட், அதுக்கும் மேல தார் ஷிங்கிள்ஸ். ஷிங்கிள்ஸுக்கு பிராண்ட், கலர், வாரண்டி எல்லாம் இருக்கு. பிளைவுட்டுக்கு வெறும் "12 எம்எம்".

ஆணி பிடிச்சு நிக்கிறதே அந்தப் பலகையிலதான். அது ஊறி உப்பினா மேல இருக்கற வாரண்டியால பிரயோஜனம் இல்லை. ஐ.எஸ். 303-ல வர்ற எம்.ஆர். கிரேடு, வீட்டுக்குள்ள அலமாரிக்கு ஓகே. கூரைக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளை கேளுங்க. 72 மணி நேரம் கொதிக்கவெச்சு ஒட்டு விடுதான்னு சோதிக்கிற ரகம் அது. கடைக்காரர் வாயால "வாட்டர்ப்ரூஃப் சார்"னு சொல்றது போதாது, பலகையில முத்திரை இருக்கணும்.

கணக்கைப் பாருங்க. 600 சதுர அடி ரூம், 30 டிகிரி சரிவுன்னா கூரைப் பரப்பு சுமார் 693 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் 22 (வெட்டுச் சேதாரம் தனி). ரெண்டு ரகத்துக்கும் சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம்னே வெச்சுக்குங்க, 28,160 ரூபாய்தான் கூடுதல். பலகை கெட்டா ஷிங்கிள்ஸையும் பிரிக்கணும், ரெண்டாவது தடவை கூலியும் கொடுக்கணும்.

நல்ல பலகையும் மூச்சு விடணும். ஷீட்டுக்கு ஷீட் 3 எம்எம் இடைவெளி, கீழே ஃபால்ஸ் சீலிங் அடிச்சா இறவாரத்துலயும் உச்சியிலயும் காத்து வழி. நம்ம ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல இது இல்லன்னா மழையே உள்ள இறங்காம, அடியில வேர்த்தே உளுத்துடும்.

இப்போ என் ஏரியா. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூர் மாவட்டத்தை என்ன பண்ணுச்சுன்னு தெரியும். 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில புயலும் வெள்ளமும் கவர் ஆகும். மரம் மெதுவா உளுத்துப்போறது அந்த ஆபத்துப் பட்டியல்லயே கிடையாது. இன்னொண்ணு, பாலிசியில "கச்சா" கட்டடத்துக்கான விளக்கத்துல மரப்பலகைக் கூரை, தார்த்துணி ரெண்டுமே வருது. கீழே கான்கிரீட் வீடுதானேன்னு நீங்க நினைக்கலாம். சர்வேயர் மேல ஏறிப் பார்ப்பார். அதனால புரபோசல் ஃபார்ம்லயே "இரும்பு ஃபிரேம், பிளைவுட், ஷிங்கிள்ஸ்"னு எழுதுங்க. இதை எந்த வகையா எடுத்துக்கறாங்கன்னு கம்பெனிகிட்ட மெயில்ல பதில் வாங்குங்க. பிளைவுட் ஜி.எஸ்.டி. பில், முத்திரை தெரியற மாதிரி போட்டோ, ரெண்டையும் அதே மெயில்ல போட்டு வெச்சிருங்க.