பழைய அம்பாசிடருக்குப் புதிய பட்டை ஸ்பிரிங்

அம்பாசிடர் கார் உற்பத்தி மேற்கு வங்க மாநிலம் உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா காலத்து வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. குடும்பத்துடன் கோவிலுக்கும் போகலாம். அவசரத்துக்கு டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியும் ஏற்றலாம். அந்தப் பாரத்தைத் தாங்குபவை பின்புறத்துப் பட்டை ஸ்பிரிங்குகள். பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பவையும் அவையே. எனவே மெயின் பட்டை ஓட்டத்தில் ஒடிந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தாலோ, பள்ளத்தில் இறங்கும்போது கடகடத்தாலோ உடனே பார்த்துவிட வேண்டும்.

விலையில் பேரம் பேச நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது என்று கவனிக்காததால்தான் பணம் வீணாகிறது.

வாங்கும்போது பழைய ஸ்பிரிங்கையும் கடைக்குக் கொண்டு போங்கள். பட்டைகளின் எண்ணிக்கை, கனம், இரு முனை வளையங்களுக்கு இடையிலான நீளம், நடு போல்ட்டின் இடம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒடிந்த பட்டையை வெல்டிங் செய்து மாட்டச் சம்மதிக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் கெட்டு, மறுபடியும் ஒடியும். மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு தட்டு தாழ்ந்த தராசை நாம் கடையில் வைத்திருப்போமா? புஷ், ஷாக்கிள், யூ போல்ட் ஆகியவற்றையும் புதிதாகவே போடுவது நல்லது. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள்.

பட்டறையில், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி வைக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸோ ஆயிலோ தடவக் கூடாது, ரப்பர் ஊறிக் கெடும். சோப்புத் தண்ணீர் போதும்.

முக்கியமான கட்டம் இனிதான். சக்கரம் தொங்கும்போதே ஷாக்கிள் போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். முதலில் லேசாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள்.

முன்புறத்தில் இருப்பது டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. அதைக் கழற்றினால் இடது, வலது அடையாளம் வைப்பது அவசியம். ஓடிப் பழகிய கம்பியைப் பக்கம் மாற்றிப் போட்டால், எதிர்த்திசை முறுக்கில் அது ஒடிய வாய்ப்புண்டு. முன்புற வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இரு பக்கக் கணக்கும் ஒத்து வந்த பிறகு கூலியைக் கொடுங்கள். புதிய ஸ்பிரிங் போட்டாயிற்றே என்று டிக்கியில் ஐந்தாறு மூட்டை ஏற்ற வேண்டாம். அதற்குச் சரக்கு ஆட்டோ இருக்கிறது.