ஆட்டுவிப்போரும் ஆடுவோரும்

ஆண்டு விழா மேடையில் நம் மாணவியர் ஆடுங்கால், அனைவர் கண்களும் சலங்கை கட்டிய கால்களையே நோக்குகின்றன. மேடையோரம் அமர்ந்து, கைத்தாளம் தட்டிச் சொற்கட்டு உரைப்பவரை நோக்குவார் மிகச் சிலரே. ஆட்டத்தை அமைத்தவர் அவர். அதற்கு உயிர் தருபவர் ஆடுவோர். இவ்விருவரிடையே நிலவும் உறவு எத்தகையது என்பதை ஈண்டுக் காண்போம்.

பரதநாட்டியத்தில் ஆட்டம் அமைத்தலும் கற்பித்தலும் நெடுங்காலம் நட்டுவனார் பொறுப்பாகவே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையில் வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா ஈறாகவுள்ள முறையை வகுத்தனர். அவர்தம் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி, 1936ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார்.

அங்கு 1943இல் ஓர் இடர் நேர்ந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகனும் அங்கு நட்டுவனாராக விளங்கியவருமான சொக்கலிங்கம் பிள்ளை விலகிச் சென்றார். தாளம் சொல்வாரின்றி ஆட்டம் நடைபெறுவது எங்ஙனம்? ருக்மிணி தேவியும் அவர்தம் மாணவியரும் தாளத்தைத் தாமே கையில் ஏந்தினர். ஆடுவோரே ஆட்டுவிக்கவும் கற்றனர். 1944இல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாக அரங்கேறியது. பின்னர் 1955 முதல் 1970 வரை, இராமாயணம் ஆறு நாட்டிய நாடகங்களாக உருப்பெற்றது. இத்தகைய படைப்புகள் ஏட்டில் மட்டும் வாழ்வன அல்ல. ஆடுவோர் உடலில் வாழ்வன. மூத்தோர் இளையோர்க்கு ஆடிக் காட்டினாலன்றி அவை நிலைபெறா.

நமக்கு அண்மையில், ஜொகூர்ப் பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரிலும் ஒரு சான்று உண்டு. 1955இல் அங்குக் குடியேறி, 2022இல் மறைந்த சாந்தா பாஸ்கர், சீனரின் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையை 1958இல் பரதநாட்டியமாக அமைத்தார். அறியாத கதையை ஆட, ஆடுவோர்க்கு ஆசிரியரிடத்து நம்பிக்கை வேண்டும். ஆடுவோர் உடற்பாங்கை அறிந்து அசைவுகளை அமைக்கும் பரிவு ஆசிரியர்க்கு வேண்டும்.

இவ்வுண்மையை நாம் உணர்ந்தது நம் பள்ளியிலேயே. ஓராண்டு ஒத்திகையில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒவ்வொரு முறையும் ஓரடி பின்தங்கினாள். அவளை வரிசையினின்று விலக்கிவிடுமாறு கூறினோம். நடன ஆசிரியை இசையவில்லை. "ஐயா, அவள் கால் சிறியது, நான் வகுத்த அடியோ நீளமானது. மாற்ற வேண்டியது அடியைத்தான், பிள்ளையை அன்று" என்றார். அடி சுருக்கப்பட்டது. விழாவன்று அவள் தாளம் பிசகாது ஆடினாள். அதனைக் கண்ட அவள் தாயின் முகமலர்ச்சி, நம் பிழையை நமக்கு உணர்த்திற்று.

மாணவச் செல்வங்களே! ஆசிரியர் சொல்லும் தாளத்திற்குச் செவி கொடுங்கள். இயலாததை அஞ்சாது எடுத்துரையுங்கள். ஆசிரியப் பெருமக்களே! கடைசி வரிசையில் நிற்கும் குழந்தையையும் கண்டு ஆட்டத்தை அமையுங்கள். அப்பொழுதே ஆட்டம் அனைவர்க்கும் உரியதாகும்.