ஏசுநாதருக்குப் பகைவர் சொன்ன சாட்சி!

ஏசுநாதர் உண்மையிலேயே வாழ்ந்தவரா? பைபிளைத் தவிர வேறு ஆதாரம் உண்டா?

உண்டு. அதை எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல; கிறிஸ்தவர்களை வெறுத்தவர்!

ரோமாபுரியில் தீ

கி.பி. 64-ம் ஆண்டு. ரோமாபுரியில் பெருந்தீ மூண்டது. மன்னன் நீரோவே தீ வைத்தான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான். பலரைச் சித்திரவதை செய்து கொன்றான்.

சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, டாசிட்டஸ் என்ற ரோமானிய சரித்திர ஆசிரியர் இதை எழுதினார். கிறிஸ்தவர்கள் யார் என்றும் விளக்கினார். டைபீரியஸ் சக்கரவர்த்தி காலத்தில் பொந்தியு பிலாத்துவால் மரண தண்டனை பெற்ற கிறிஸ்துவின் கூட்டத்தார் என்றார். அவர்களுடைய மதத்தை மூடநம்பிக்கை என்று திட்டவும் செய்தார்!

யூதரின் ஏடு

கி.பி. 93-ம் ஆண்டு வாக்கில் யூத ஆசிரியர் ஜோசிபஸ் ஒரு சரித்திரம் எழுதினார். கல்லெறி தண்டனைக்கு ஆளான யாக்கோபு என்பவரை, ஏசுவின் சகோதரர் என்று அதில் குறிப்பிடுகிறார்.

அதே நூலில் ஏசுவைப் புகழும் பகுதியும் இருக்கிறது. ஆனால், அதில் பிற்காலத்தவர் சில வரிகளைச் சேர்த்துவிட்டார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

படிக்கட்டில் பிலாத்து!

1961-ல் இஸ்ரேலின் செசரியாவில் பழைய அரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். அங்கே படிக்கட்டில் வைத்துக் கட்டியிருந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயர் இருந்தது!

ஏசு கடவுளின் மைந்தரா? அதை ஏடும் கல்லும் சொல்லமாட்டா. அது அவரவர் நம்பிக்கை. ஆனால், அவர் வாழ்ந்தார், பிலாத்துவின் ஆணையால் மாண்டார் என்பதைச் சரித்திரம் ஒப்புக்கொள்கிறது.