குறுந்தகடு பாட மறுப்பது ஏன்?

ஒருவர் பேசிய குரலைக் காத்து வைத்து மீண்டும் கேட்க வேண்டும் என்பது மனிதனின் நெடுநாள் ஆசை. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராபை உருவாக்கியபோது அந்த ஆசை நிறைவேறியது. பின்னர் கிராமபோன் இசைத்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில் சி.டி. என்று நாம் அழைக்கும் இசைக் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் இணைந்து அதனை உருவாக்கின. இன்று பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆயினும் நம் வீட்டு அலமாரிகளில் பழைய குறுந்தகடுகள் சில இன்னும் இருக்கவே செய்கின்றன. அப்படிப்பட்ட ஒரு தட்டு இவ்வாண்டு எங்களைப் படாத பாடு படுத்தியது. அதனால் நாங்கள் கற்றவற்றை இங்கே கூற விழைகிறோம்.

பிஸ்கட் டப்பாவில் கிடைத்த செல்வம்

எங்கள் பள்ளியில் பல்லாண்டுகள் இசை கற்பித்து, இறைவனடி சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் இருந்தார். அவருடைய குரலை நாங்கள் கேட்டதில்லை. எங்கள் அன்னையர் சிலர் அவரிடம் பாடக் கற்றவர்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவிற்காக அவர் மாணவியருடன் பன்னிரண்டு பாடல்களைப் பாடிப் பதிவு செய்திருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தோம். இசை அறையைத் துப்புரவு செய்தபோது சன்னலோரக் கண்ணாடி அலமாரியின் மேல் அந்தத் தட்டு கிடைத்தது. அருகிலிருந்த பிஸ்கட் டப்பாவில் மேலும் எட்டுத் தட்டுகள் இருந்தன.

ஆவலோடு அதனை எடுத்துச் சென்று பள்ளியின் பழைய மடிக்கணினியில் இட்டோம். தட்டு சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது. பிறகு, தட்டே இல்லை என்று திரையில் செய்தி வந்தது! கடையில் வாங்கிய பக்திப் பாடல் தட்டு ஒன்றை இட்டோம். அது தடையின்றிப் பாடியது. ஒரே இயந்திரம் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பது ஏன்? "தட்டு கெட்டுப் போயிற்று, விட்டுவிடுங்கள்" என்றனர் சிலர். கணினி ஆசிரியையோ, "சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?" என்று கேட்டார். அக்கேள்வியே எங்களை இப்பணியில் இறக்கியது.

தட்டில் இருப்பது என்ன?

நோயை அறியுமுன் உடலை அறிய வேண்டும் அல்லவா? குறுந்தகட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அதற்கு மேல் காப்புப் பூச்சு. எல்லாவற்றிற்கும் மேல் பெயர் அச்சிட்ட பகுதி. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் சுருள் வடிவமாக, உள்ளிருந்து வெளி நோக்கிச் செல்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ முப்பது சுற்றுகள் அடங்கிவிடும்! சுருளை நீட்டி வைத்தால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் வரும்.

டிரைவில் உள்ள சிறு லேசர், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை லென்ஸ் வழியாகக் கீழிருந்து செலுத்துகிறது. சமதளத்தில் பட்ட ஒளி பளிச்சென்று திரும்புகிறது. குழியில் பட்ட ஒளி மங்கித் திரும்புகிறது. இந்தப் பளிச்சையும் மங்கலையும் கணக்கிட்டே இசை பிறக்கிறது. ஒரு வினாடி இசைக்கு இடப்பக்கத்திற்கு 44,100, வலப்பக்கத்திற்கு 44,100 எனக் குரலின் அளவுகள் தட்டில் குறிக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் சிறு கீறல் பட்டாலும் பாட்டு கெட வேண்டுமே? கெடுவதில்லை. 1960-ஆம் ஆண்டில் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்தும் முறை இங்கே கைகொடுக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் விளைந்த தானியம் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டமாட்டார்கள். ஒன்றில் பூச்சி விழுந்தாலும் மற்றவை மிஞ்சும். அதுபோல, குறுந்தகட்டில் அடுத்தடுத்த செய்திகள் பிரிக்கப்பட்டுத் தள்ளித் தள்ளி எழுதப்படுகின்றன. சுருளில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை தொடர்ந்து கெட்டாலும், மிஞ்சியதைக் கொண்டு இயந்திரம் சரிசெய்துகொள்ளும்.

எல்லாத் தட்டும் ஒன்றல்ல

ஒன்பது தட்டுகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். ஐந்து தட்டுகள் வெள்ளிபோல் மின்னின. நான்கின் அடிப்புறம் இளம்பச்சையும் நீலமுமாக இருந்தது. மின்னிய ஐந்தும் மடிக்கணினியில் பாடின. நிறம் கொண்ட நான்கும் பாடவில்லை. எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு இதுவே.

கடைத் தட்டுகள் ஆலையில் அச்சுக்கொண்டு அழுத்தப்படுபவை. அவற்றின் குழிகள் உண்மையான குழிகள். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் பதிவு செய்யும் தட்டிலோ குழிகள் இல்லை. அதில் ஒரு சாயம் பூசப்பட்டிருக்கும். லேசர் அதனைச் சுட்டுக் கரும்புள்ளிகளை உண்டாக்கும். வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் நாளடைவில் வெளிறும். புள்ளிக்கும் வெறுமைக்கும் வேறுபாடு குறையும். அழித்து எழுதும் தட்டுகளின் நிலை இன்னும் கடினம். ஆலைத் தட்டு தன்மேல் பட்ட ஒளியில் நூற்றுக்கு 70 பங்காவது திருப்பித் தரும். அழித்தெழுதும் தட்டு 15 முதல் 25 பங்கே தரும். எனவே லேசர் தளர்ந்தாலும், லென்ஸில் தூசி படிந்தாலும், முதலில் மறுக்கப்படுபவை இத்தகைய தட்டுகளே.

"டி.வி.டி. படம் நன்றாக ஓடுகிறதே! டிரைவில் குறை இருக்க முடியாது" என்று நாங்கள் முதலில் வாதிட்டோம். அது தவறு. டி.வி.டி.க்குச் சிவப்பு லேசர், சி.டி.க்கு அகச்சிவப்பு லேசர். ஒரே டிரைவில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்று தளர்ந்து மற்றொன்று நலமாக இருக்கக்கூடும்.

எங்கள் சோதனை

குறை தட்டிலா, டிரைவிலா? இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். மறுக்கப்பட்ட நான்கு தட்டுகளையும் கணினி அறையிலிருந்த மேசைக் கணினியில் இட்டோம். மூன்று பாடின! ஆக, அந்த மூன்று தட்டுகளும் குற்றமற்றவை, குறை மடிக்கணினியில்தான்.

காரியாபட்டியில் ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் சாத்திய சன்னலின் இடுக்கு வழியாகவும் புழுதி நுழைந்துவிடும். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். மடிக்கணினி டிரைவின் லென்ஸோ, வெளியே நீளும் தட்டத்தின் மேலேயே அமைந்திருப்பது. திறக்கும்போதெல்லாம் அதில் புழுதி படியும். கணினியை முழுவதும் அணைத்து, மின்கலத்தைக் கழற்றினோம். டிரைவின் முகப்பிலுள்ள சிறு துளையில் நீட்டிய ஊக்கு ஒன்றைச் செலுத்தித் தட்டத்தைத் திறந்தோம். கேமராவுக்குப் பயன்படும் ரப்பர் குமிழால் காற்றடித்து, மூக்குக் கண்ணாடித் துணியால் லென்ஸை மெல்லத் தொட்டு எடுத்தோம். வாயால் ஊதலாகாது, எச்சில் தெறிக்கும். மின்சாரம் உள்ளபோது லென்ஸை உற்றுப் பார்க்கவும் கூடாது. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாவிடினும் கண்ணைக் கெடுக்கும். மீண்டும் இட்டபோது மூன்று தட்டுகளும் மடிக்கணினியிலேயே பாடின.

ஆனால் நான்காவது தட்டு, நாங்கள் தேடிய அந்தக் கிறிஸ்து பிறப்புப் பாடல் தட்டு, இரண்டு கணினிகளிலும் வாய் திறக்கவில்லை.

கணினிக்கென்றே பூட்டிய தட்டுகள்

இது பூட்டுப் போட்ட தட்டாக இருக்குமோ என்றும் எண்ணினோம். 2001-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் மேலைநாட்டு இசை நிறுவனங்கள், படியெடுப்பதைத் தடுக்க வேண்டிக் கணினியில் பாடாதவாறு சில தட்டுகளை வெளியிட்டன. வீட்டு ஒலிப்பெட்டியில் அவை பாடும், கணினியில் திணறும். அவை குறுந்தகட்டின் இலக்கணத்திற்கு உட்பட்டவை அல்ல என்று பிலிப்ஸ் நிறுவனமே எதிர்ப்புத் தெரிவித்தது. 2005-ஆம் ஆண்டில் சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட சில தட்டுகள் பயனரின் கணினியில் மறைவாக ஒரு மென்பொருளை நிறுவுவது வெளிப்பட்டது. பெரும் எதிர்ப்பு எழவே அத்தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் வீட்டில் ஆலைத் தட்டு ஒன்று ஒலிப்பெட்டியில் பாடி, நல்ல கணினியில் மட்டும் பாடாவிடில், இக்காரணத்தையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் தட்டோ வீட்டில் பதிவு செய்யும் வகை. அதில் பூட்டு ஏது?

மீட்ட கதை

ஒளியில் சாய்த்துப் பார்த்தோம். அடிப்புறம் முழுவதும் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும். ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தினோம். பிறகு மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைத்தோம். வட்டமாகத் துடைத்தால் கீறல் சுருளோடு ஒட்டியே நீண்டு ஓடும். பிழைதிருத்தும் முறையாலும் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழுந்த கீறலை இயந்திரம் எளிதில் தாண்டிவிடும். இன்னொன்றும் அறிந்தோம். நாம் பேணுவது பளபளப்பான அடிப்புறத்தை. ஆனால் அலுமினியம் இருப்பது பெயர் எழுதிய மேற்புறத்தை ஒட்டி. அங்கே ஆழக் கீறினால் ஒளி திரும்ப இடமே இராது. ஆகவே மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் எழுதவேண்டாம்.

கழுவிய தட்டை மேசைக் கணினியில் இட்டு, வேகத்தைக் குறைத்து வைத்தோம். மெதுவாகச் சுழன்றால் மங்கிய புள்ளிகளையும் லேசர் தவறவிடாது. சில நிமிடங்கள் முனகல். பிறகு பன்னிரண்டு பாடல்களின் பட்டியல் திரையில் தோன்றியது! உடனே அவற்றை இழுத்து நினைவகத்தில் போட்டோம். கொஞ்ச நேரத்திற்கெல்லாம் ஏமாந்தோம். ஒவ்வொன்றும் 44 பைட்டு மட்டுமே இருந்தது. அவை பாடல்கள் அல்ல. பாடல் தட்டில் எங்கே தொடங்குகிறது என்று கூறும் சீட்டுகள். இசைத் தட்டின் பாடல்களை அதற்குரிய மென்பொருளால்தான் கோப்பாக மாற்றிச் சேமிக்க வேண்டும். அவ்வாறு செய்ய ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பத்துப் பாடல்கள் பழுதின்றி வந்தன. பதினோராவது இரண்டிடத்தில் விக்கியது. பன்னிரண்டாவது வரவேயில்லை.

ஏன் கடைசிப் பாடல்? குறுந்தகடு உள்ளிருந்து வெளி நோக்கிப் பாடுவது. கடைசிப் பாடல் விளிம்பருகே இருக்கும். நாம் விரலால் பிடிப்பதும் விளிம்பை. காப்புப் பூச்சு முதலில் உரிவதும் விளிம்பில். சன்னலோரத்தில் பல கோடைகள் கிடந்த தட்டு அது. டப்பாவுக்குள் இருளில் இருந்த மற்ற மூன்றும் நலமாக இருந்ததை நினைத்துப் பார்த்தோம்.

பெற்றோர் கூட்டத்தன்று மீட்ட பாடல்களை ஒலிக்கச் செய்தோம். முதல் பாடலில் அருட்சகோதரியின் குரல் எழுந்ததும், பின்வரிசையிலிருந்த எங்கள் தோழியின் தாயார் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பாடகர் குழுவில் அவரும் ஒருவராம். பன்னிரண்டாவது பாடல் வராத செய்தியைக் கூறினோம். "அது பாலன் இயேசுவுக்குத் தாலாட்டும்மா. எனக்கு முழுசும் தெரியும்" என்று அங்கேயே பாடிக் காட்டினார். அவரிடமே கற்று, கிறிஸ்து பிறப்பு விழாவில் அதனைப் பாடினோம்.

நினைவில் கொள்வோம்

அன்புத் தோழியரே! பெற்றோரே! உங்கள் வீட்டிலும் திருமணத் தட்டு, தாத்தாவின் குரல் பதிந்த தட்டு என்று ஏதேனும் இருக்கலாம். அது பாடாவிடில் உடனே எறிந்துவிடாதீர்கள். வேறு தட்டை அதே டிரைவிலும், அதே தட்டை வேறு டிரைவிலும் இட்டுப் பாருங்கள். தட்டைக் கழுவுங்கள், லென்ஸைத் துடையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். இன்று விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவே இல்லை, யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. தட்டு இன்னும் பாடுகிறது என்றால் நாளை என்று ஒத்திப்போட வேண்டாம். இன்றே படியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

அருட்சகோதரியின் பத்துப் பாடல்களும், விக்கும் பதினோராவது பாடலும், தோழியின் தாயார் பாடிய தாலாட்டும் இப்போது பள்ளி அலுவலகக் கணினியிலும், நூலகத்திலும், தலைமை ஆசிரியை அருட்சகோதரியிடமும் உள்ளன. கேட்க விரும்பும் முன்னாள் மாணவியர் நூலகத்தில் கேட்டுப் பெறலாம்.

கணினி அறிவியல் பிரிவு மாணவியர்,
பதினோராம் வகுப்பு