பூ வேணுமா? கிளை வேணுமா?

 

போன்சாய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆழமில்லாத தொட்டியில் வளர்க்கும் குட்டி மரம். ஜப்பான் மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். இந்தக் கலை சீனாவில் தோன்றி ஜப்பானுக்குப் போனது. 1923-ல் டோக்கியோவில் பெரிய பூகம்பம் வந்தது. அதன்பின் அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் பலர் ஓமியா என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். 1925-ல் அங்கே ஒரு போன்சாய் கிராமமே உருவானது!

ஜப்பானில் போன்சாயாக வளர்க்கும் மரங்களில் கிராப் ஆப்பிளும் ஒன்று. வசந்த காலத்தில் ரோஸ் நிறத்தில் பூக்கும். தொட்டியில் வளர்த்தால் மரத்தின் இலை கொஞ்சம் சிறுக்கும். ஆனா பூவும் பழமும் சிறுக்காது. சாதாரண ஆப்பிளை வைத்தால் குட்டிக் கிளையில் பெரிய பழம் தொங்கும், பார்க்கச் சிரிப்பா இருக்கும். கிராப் ஆப்பிளுக்கு இயற்கையிலேயே பழம் சின்னது. அதனால் பொருத்தமா இருக்கும்.

சரி, ஒற்றைக் குச்சியில் எப்படி நிறைய கிளை வர வைக்கிறாங்க?

செடியின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உண்டாகி கீழே இறங்கும். அது வந்துக்கிட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கிக்கிட்டே இருக்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1933-ல் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் ஒருவகை அவரைச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இல்லாமலேயே மொட்டுகள் தூங்கின! 2014-ல் பட்டாணிச் செடியில் செய்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. நுனியை வெட்டியதும் அதுக்குப் போய்க்கிட்டிருந்த சர்க்கரை மொட்டுகளுக்குக் கிடைக்குது. அதுதான் முதலில் அவற்றை எழுப்புது. செவ்வந்திச் செடியில் நுனியைக் கிள்ளி விடுவதும் பக்கக் கிளை வரத்தான்.

அப்போ வெட்டிக்கிட்டே இருந்தா போதுமா? போதாது. இலைதான் செடியின் சமையல்கட்டு. இலை நிறைய இருந்தால்தான் கிளை தடிக்கும். அதனால் முதலில் குச்சியை நீளமா வளர விடணும். பார்க்க அழகா இருக்காது, பொறுத்துக்கணும். வேண்டிய அளவு தடித்ததும், அடியில் இரண்டு மொட்டு விட்டு வெட்டணும். கடைசி மொட்டு பார்க்கும் பக்கம்தான் புதுக் கிளை போகும். அதனால் வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டுவாங்க.

ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று இரண்டாகும். 1, 2, 4, 8, 16, 32. ஐந்து வெட்டில் 32 கிளை! வருஷத்துக்கு ஒரு வெட்டு என்றால் 5 வருஷம். எல்லா மொட்டும் முளைக்காது என்பதால் இன்னும் கூட ஆகும்.

வளைவு வேண்டுமானால் குச்சி இளசா இருக்கும்போதே கம்பி சுற்றி வளைக்கணும். முற்றிவிட்டால் முறியும். கம்பி பட்டையில் பதியும் முன் கழற்றணும், இல்லாவிட்டால் தழும்பு விழும்.

இனிதான் கஷ்டமான விஷயம். பூ பெரும்பாலும் குட்டையான சிறு கிளைகளில்தான் வரும். அடுத்த வசந்தத்தின் பூமொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். குண்டா இருந்தால் பூமொட்டு, ஒல்லியா கூரா இருந்தால் இலைமொட்டு. குளிர்காலத்தில் பார்க்காமல் வெட்டினால் வரப்போகும் பூவையும் சேர்த்து வெட்டிடுவோம்.

பூ போயிடுமே என்று பயந்து வெட்டாமலே விட்டாலோ, கிளை நீண்டுக்கிட்டே போகும். உள்ளே இருக்கும் சிறு கிளைகள் வெயில் படாமல் காய்ந்துபோகும். பிறகு நுனியில் மட்டும்தான் பூ.

அதனால் போன்சாய் வளர்ப்பவர்கள் கிளை உருவாகும் வருஷங்களில் பூவை விட்டுக்கொடுக்கிறாங்க. கிளைகள் நிறைந்ததும் வெட்டுவதைக் குறைக்கிறாங்க. அப்புறம் மரம் முழுக்கப் பூக்கும்.

தோழர்களே, ஒரு கேள்வி! எல்லா மொட்டும் முளைத்தால், ஒரு கிளை 64 ஆக எத்தனை வெட்டு வேணும்? (விடை: 6)


— 9-ஆம் வகுப்பு மாணவி