பறவைப் பதிவுகளில் தமிழ்ப் பொதுப்பெயர்கள்: நாரை, கொக்கு, கரிச்சான்

பறவையியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் தாம் கண்ட பறவைகளைக் குறித்தனுப்ப, அக்குறிப்புகளைத் திரட்டி ஆராயும் முறை மக்கள் அறிவியலின் பழைய வடிவங்களுள் ஒன்று. வட அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று 27 பேர் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. 2002இல் ஈபேர்டு என்னும் இணையத் தரவுத்தளம் தோன்றியபின் இப்பணி உலகெங்கும் பரவியது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாள்களில் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன.

இப்பதிவுகளுக்கு அறிவியல் மதிப்பைத் தருவது பறவையின் அருமை அன்று. இடம், நாள், தொடங்கிய நேரம், நோக்கிய கால அளவு, நடந்த தொலைவு, எண்ணிக்கை ஆகியவற்றோடு, அடையாளம் கண்ட பறவை அனைத்தையும் விடாது குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்டதே முழுப்பட்டியல் எனப்படும். முழுப்பட்டியலில் ஒரு பறவை இடம்பெறவில்லையெனின், அந்த இன்மையும் ஒரு தரவாகிறது. காக்கையையும் மைனாவையும் எழுதுவானேன் என்று விட்டுவிடுபவரின் பட்டியலில் இந்த இன்மைக்குப் பொருளில்லை. நாளை அவை அருகினாலும் அப்பட்டியல் அதைக் காட்டாது.

இவ்வமைப்பு முழுவதும் பெயரை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. தமிழாய்வுக்குரிய சிக்கல் எழுவதும் இங்கேதான். வழக்கிலுள்ள பறவைப் பெயர்கள் பல, ஓர் இனத்தை அன்றித் தோற்றத்தால் ஒத்த பலவற்றைச் சுட்டுவன. நாரை என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் நாரையும் செந்நாரையும் கொக்குகளோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் வேறொரு குடும்பத்தவை. பறக்கும்போது முன்னவை கழுத்தை மடக்கிக்கொள்ளும், பின்னவை நீட்டிக்கொள்ளும். எனினும் நீர்க்கரையில் நெடுங்காலூன்றி அசையாது நிற்கும் நிலையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பெயரிட்டவர் கண்டது அந்நிலையையே. கரிச்சானும் குண்டுகரிச்சானும் அவ்வாறே பெயரளவில் உறவினர், வகைப்பாட்டில் தொடர்பற்றவை. மறுபுறம், கரிச்சான் ஒன்றே கரிக்குருவி எனவும் இரட்டைவால் குருவி எனவும் இடந்தோறும் வேறுபெயர் பெறுகிறது.

இக்காரணத்தால் இனத்துக்கு ஒரு தமிழ்ப்பெயர் என வரையறுக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. அவை வேண்டுவனவே. எனினும் அவற்றின் அடியில், பொதுப்பெயர்கள் துல்லியம் குன்றியவை, ஆகவே களையத்தக்கவை என்னும் எண்ணம் சிலவிடங்களில் தொனிக்கிறது. பதிவுமுறையை நுணுகி நோக்கின் இவ்வெண்ணம் நிலைபெறாது. இனம் துணியப்படாத பறவையை அதன் தொகுதிப் பெயராலேயே பதிய ஈபேர்டு இடந்தருகிறது. இரண்டினுள் ஒன்று எனத் துணிந்து, எது எனத் துணியாதபோது இரண்டையும் சேர்த்துக் குறிக்கவும் வழியுண்டு. நீர்நிலையின் மறுகரையில் நிற்கும் வெண்கொக்கின் அலகு கருமையா மஞ்சளா எனத் தெரியாதபோது அதனைக் கொக்கு என்று மட்டும் பதிவது பிழையன்று. சின்னக் கொக்கு என ஊகித்துப் பதிவதே பிழை. முன்னது இனவாரிக் கணக்கிற்குப் பயன்படாது போகலாம். ஆனால் அக்கணக்கைக் கெடுப்பதில்லை. பின்னதோ தரவுத்தளத்தில் ஒரு பொய்ச்சான்றாக அமர்கிறது. தன்னார்வ மதிப்பீட்டாளர்கள் ஐயத்திற்குரிய பதிவுகளை ஆராய்ந்து விளக்கம் கேட்பர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வூரில் எளிதிற் காணத்தக்க இனத்தின் பெயர் தவறாக இடப்பட்டிருப்பின் அஃது ஐயத்திற்கே இடமளிக்காது கடந்துவிடும்.

பழந்தமிழ்ப் பாடல்களின் பறவைகளுக்கு இன்றைய இனப்பெயர் காணும் ஆய்வுகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. குருகு என்னும் சொல்லுக்குப் பறவை என்னும் பொதுப்பொருளையும் நாரை, கொக்கு முதலிய சிறப்புப் பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. பாடலில் உணவோ, நிறமோ, காலின் இயல்போ கூறப்பட்டிருப்பின் பொருளைக் குறுக்கலாம். அத்தகைய குறிப்பு இல்லாதவிடத்தும் ஓர் இலத்தீன் பெயரை எதிரே எழுதிவிடுவது, மறுகரைக் கொக்கைச் சின்னக் கொக்கு எனப் பதிவதற்கு ஒப்பாகும். உரையாசிரியர் பொதுப்படக் கூறி நிறுத்திய இடங்களை இந்நோக்கில் மீண்டும் காணவேண்டியுள்ளது.

ஆகவே களப்பட்டியல்களுக்கான தமிழ்ப் பெயர்த்தொகுப்பு இரு படிநிலைகளில் அமைவது பொருந்தும்: சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு, மடையான் என இனப்பெயர்கள் ஒரு படியில், கொக்கு, நாரை, ஆள்காட்டி என வழக்குப் பெயர்கள், தாம் அடக்கும் இனங்களின் விவரத்தோடு, அதற்கு மேற்படியில். வட்டாரந்தோறும் ஒரு பொதுப்பெயர் எவ்வெவற்றை அடக்குகிறது என்பதை மீனவர், உழவர், ஆடு மேய்ப்போர் ஆகியோரிடம் பறவைப் படங்களைக் காட்டிக் கேட்டே அறிய இயலும்.